பாதாளத்தில் ஓர்ஃபியுஸ்: ‘நாலு பேர்’ நம் மேடையில் சரியாக வந்தார்களா?

சுருதிப்பெட்டி:

சென்ற சனிக்கிழமை மார்த்தாண்டத்துக்கு அருகில் ஒரு திருமண மண்டபத்தில் நாங்கள் நடத்திய ‘பாதாளத்தில் ஓர்ஃபியுஸ்’ இசை நாடகத்தை இங்கே ஏழெட்டுப் பேராவது பார்த்திருப்பீர்கள். பாராட்டுகளை அன்றிரவே மண்டப வாசலில் வாங்கிக்கொண்டேன். இங்கே எனக்கு வேண்டியவை குறைகள். அடுத்த மாதம் நாகர்கோவிலில் மறுபடியும் நடத்தவிருப்பதால், திருத்த வேண்டியதை அதற்குள் திருத்திவிடலாம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பழைய கிரேக்கக் கதையில் ஓர்ஃபியுஸ் யாழை மீட்டினால் மரமும் கல்லும் அசையும். பாம்பு கடித்து இறந்த மனைவி யூரிடிசியைத் தேடி அவன் பாதாளம் வரை போகிறான், வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவளை அழைத்து வருகிறான், பார்த்துவிடுகிறான், இழக்கிறான். இசையமைப்பாளர் ழாக் ஓஃபன்பாக் 1858 அக்டோபர் 21 அன்று பாரிஸில் தம்முடைய சிறிய அரங்கில் மேடையேற்றிய நகைச்சுவை இசை நாடகத்தில் இந்தக் கதை தலைகீழாகிறது. அங்கே ஓர்ஃபியுஸ் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். மனைவிக்கு அவரையும் பிடிக்காது, அவருடைய வயலினையும் பிடிக்காது. சண்டை முற்றும்போது, தாம் புதிதாக இயற்றிய ஒன்றேகால் மணி நேர உருப்படியை வாசித்துவிடுவதாக அவர் மிரட்டுகிறார். அவள் செத்தது தெரிந்ததும் அவருக்கு வருவது நிம்மதிதான். ஆனால் ‘பொதுமக்கள் கருத்து’ என்ற பாத்திரம் குறுக்கே வந்து, போய் அவளைக் கேட்டு வாங்கி வா, இல்லாவிட்டால் உன் மானம் போய்விடும் என்று அவரைப் பிடரியில் பிடித்துத் தேவலோகத்துக்குத் தள்ளுகிறது.

நாடகத்தை எழுதிய எக்தோர் கிரெமியூவும் லுதோவிக் அலேவியும் பழைய கிரேக்க நாடகங்களில் கதைக்கு நடுவே கருத்துச் சொல்லும் பாட்டுக் குழுவான கோரஸின் இடத்தில் இந்தப் பாத்திரத்தை வைத்தார்கள். தமிழில் இதற்குப் பெயர் வைக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. ‘பொதுமக்கள் கருத்து’ என்று எழுதினால் ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் போல இருந்தது. ‘ஊர்வாய்’ என்று வைத்து ஒத்திகை பார்த்தோம். பாட்டில் உட்கார மறுத்தது. பிறகு ஒருநாள், யூரிடிசியாக நடிக்கும் பெண்ணின் அம்மா அவளைக் கூட்டிப்போக வந்தவர், “ராத்திரி ஒம்பது மணிக்குப் பாட்டும் கூத்துமா இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாவ?” என்று கேட்டார். பெயர் கிடைத்துவிட்டது. ஒரு பாத்திரத்தை நாலு பெண்களாக்கி, மூலத்தில் தனிக்குரலில் வரும் பாட்டை நாலு குரலில் பாடவைத்தோம்.

இது சரியாக வந்ததா என்பதே என் கேள்வி. ஒரு குரலுக்கு இருந்த மிரட்டல் நாலாகப் பிரிந்ததும் நீர்த்துப்போனதாகச் சிலர் சொன்னார்கள்.

தேன்பெட்டி:

நாலு பேரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிட வேண்டும்.

நான் அருமனைப் பக்கம் இருபது வருடமாகத் தேனீ வளர்ப்பவன். உங்கள் நாடகத்தில் அரிஸ்தேயுஸ் என்ற தேன் வியாபாரியாக வேடமிட்டுப் பாதாளராஜன் புளூட்டோ வருகிறாரே, அவர் கையிலிருந்த புகைப்பானை, அதாவது தேனீக்களை அடக்கப் புகை விடும் கருவியை, ஊதுகுழல் போலத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுவதும் நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் தேன்காரர்கள். பாட்டு எங்கள் காதில் ஏறவே இல்லை. 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய காலத்திலிருந்து பெட்டித் தேனீ வளர்க்கும் ஊர் இது. இந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இங்கே தேன்காரராக ஒருவரை மேடையேற்றினால் புகைப்பானை நேராகப் பிடிக்கவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. அரிஸ்தேயுஸ் ஓஃபன்பாக்கின் கற்பனை அல்ல. வெர்ஜில் என்ற ரோமானியக் கவிஞர் உழவைப் பற்றி எழுதிய நூலின் நாலாம் பகுதி முழுவதும் தேனீக்களைப் பற்றியது. அதில்தான் அரிஸ்தேயுஸ் வருகிறான். அவன் துரத்தியதால் ஓடிய யூரிடிசியைப் பாம்பு கடிக்கிறது. அந்தப் பாவத்துக்காக அவனுடைய தேனீக்கள் எல்லாம் மடிகின்றன. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து நம் மாவட்டத்துப் பெட்டிகள் வரிசை வரிசையாகக் காலியானபோது என் தகப்பனார் காலியான அடைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வெர்ஜிலின் அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் நாடகம் அதைச் சிரிப்பாக்கியதில் வருத்தமில்லை. சிரிப்பாக்குகிறவருக்கு மூலம் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பின்வரிசை:

குறைகள் வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். நண்பர் சுருதிப்பெட்டி கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்த நாடகத்தை நம் ஊரில் போடுவதற்கான காரணமே எனக்குப் புரியவில்லை. பாரிஸ்காரன் பள்ளிக்கூடத்தில் கிரேக்கக் கடவுளரை மனப்பாடம் செய்து சலித்தவன். தேவராஜன் ஜூப்பிட்டர் ஈயாக மாறிச் சாவித் துவாரத்துக்குள் புகுந்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். நமக்கு ஜூப்பிட்டர் யார்? பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் முதலில் யார் என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னபின் அவரைக் கேலி செய்யவேண்டியிருந்தது. முதலில் மாலை போட்டு, பிறகு அதைக் கழற்றுவது போன்ற வேலை இது.

இரண்டாவது, கிளக் நகைச்சுவை. ஓர்ஃபியுஸ் தேவலோகத்துக்குப் போய் மனைவியை இழந்த துக்கத்தைப் பாடும்போது, கிளக் என்ற இசையமைப்பாளர் 1762இல் இதே கதைக்கு எழுதிய புகழ்பெற்ற சோகப் பாட்டின் மெட்டை ஓஃபன்பாக் எடுத்துப் போட்டிருப்பதாக நிகழ்ச்சிநிரல் தாளில் அச்சடித்திருந்தீர்கள். பாரிஸில் அதைக் கேட்டவுடன் அரங்கம் சிரித்திருக்கும். நம் மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது, துணிச்சலைப் பற்றியது. எங்கோ இருந்து, யாரும் இப்போது கும்பிடாத கடவுளரைக் கேலி செய்வதில் ஆபத்தே இல்லை. ஆபத்தில்லாத கேலிக்கு நூறு பேர் ஆறு மாதம் உழைக்க வேண்டுமா?

கோட்டாற்றுக்காரி:

பின்வரிசை அண்ணாச்சிக்கு வணக்கம். நாலு பேரில் இடமிருந்து மூன்றாவதாக நின்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ என்ற தாழ்ந்த பெண்குரலில் பாடுகிறவள். நாலு குரலில் பாட எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டது பாடிக்கொண்டே முறைப்பதை மட்டும்தான்.

பெரியவர் கண்ணைத் துடைத்தார் என்றீர்களே, அதை நானும் மேடையிலிருந்து பார்த்தேன். அவர் அழுததில் தவறில்லை. கிளக்கின் மெட்டு அப்படிப்பட்டது. ஆனால் நகைச்சுவை அங்கே செத்துப்போனது உண்மை. அதற்கு ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன். முதல் காட்சியில் ஓர்ஃபியுஸ் மாணவர்களுக்கு வயலின் பாடம் எடுக்கும்போதே அந்த ஒற்றை வரியை மூன்று தடவை வாசிக்கட்டும். ஒவ்வொரு தடவையும் யூரிடிசி காதைப் பொத்திக்கொள்ளட்டும். அப்புறம் அதே வரி தேவலோகத்தில் துக்கமாக வரும்போது, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாரிஸ்காரர்கள் அரங்குக்கு வருமுன்பே தெரிந்துவைத்திருந்ததை நாம் அரங்குக்குள்ளேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

அடுத்து நாலு பேர். நீர்த்துப்போனதாகச் சொன்னவர்கள் யாரும் பெண்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் வந்து மிரட்டினால் எதிர்த்துப் பேசலாம். நாலு பேரை எதிர்த்துப் பேச முடியாது, ஏனென்றால் ஒருத்தியைக் கேட்டால் அவள் அடுத்தவளைக் கைகாட்டுவாள். ஒத்திகையில் நாங்கள் இதைத்தான் செய்துபார்த்தோம்: ஓர்ஃபியுஸ் ‘யார் சொன்னது?’ என்று கேட்கிறபோதெல்லாம் நாலு பேரும் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்கிறோம், கடைசியில் நிற்பவள் சபையைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் சின்னம்மை தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இருக்கும் குறை வேறு. நாடகம் முழுவதிலும் யூரிடிசியிடம் ‘உனக்குத் திரும்பிப் போக விருப்பமா?’ என்று யாருமே கேட்பதில்லை. கணவன் கேட்கவில்லை, புளூட்டோ கேட்கவில்லை, ஜூப்பிட்டர் கேட்கவில்லை, நாங்கள் நாலு பேரும் கேட்கவில்லை. இது ஓஃபன்பாக் தெரிந்தே வைத்ததா, விட்டுவிட்டதா என்று சுருதிப்பெட்டி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

வேளிமலை:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

பின்வரிசை கேட்ட மூன்றாவது கேள்வியை இந்த மாவட்டத்தில் வைத்துக் கேட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ நடத்தினார். நந்தன் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினான் என்றால், கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்கினான். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் யாரும் நந்தனாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வடிவம் ஒன்று, இலக்கு வேறு. ஓஃபன்பாக் செய்ததும் அதுவே. அவருடைய தேவலோகம் கிரேக்கத்தில் இல்லை. பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் பாரிஸில் இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் பெண்களைத் துரத்திவிட்டு, வெளியே ஒழுக்கம் முக்கியம் என்று பிரசங்கம் செய்யும் ஜூப்பிட்டர் யாரை நினைவூட்டினார் என்று அன்றைய சபைக்கு ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தேவர்கள் கலகம் செய்யும் இடத்தில், அந்த ஆட்சியில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மார்செய்யேஸ் என்ற பிரெஞ்சுப் புரட்சிக் கீதத்தின் மெட்டு எட்டிப்பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1860 ஏப்ரலில் அந்தப் பேரரசரே வந்து பார்த்து ரசித்துவிட்டுப் போனார்.

நம் தோல்பாவைக் கூத்தையும் நினைத்துப் பாருங்கள். இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் உள்ளே வந்து ஊர்வம்பு பேசுவார்கள். இராமனுக்கு அதனால் ஒரு குறையும் வருவதில்லை. ஊரில் கடன் வாங்கித் திருப்பித் தராதவனுக்குத்தான் அன்றிரவு தூக்கம் வராது.

ஆகவே ஜூப்பிட்டர் நமக்கு அந்நியர் என்பது குறையல்ல. அவர் அந்நியராக இருப்பதால்தான் அவருக்குப் பின்னால் நிற்பவரை நம்மால் நிம்மதியாகப் பார்க்க முடிகிறது.

சுருதிப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக வருகிறேன்.

புகைப்பான் விஷயத்தில் தேன்பெட்டி சொல்வது முழுக்கச் சரி. அரிஸ்தேயுஸாக நடித்தவர் கப்பல் வேலையிலிருந்து விடுமுறையில் வந்தவர். தேனீயை அருகில் பார்த்ததே இல்லை.

கிளக் மெட்டை முதல் காட்சியிலேயே நுழைக்கும் யோசனை அருமை. அப்படியே செய்யப்போகிறோம். மூன்று தடவை போதுமா என்று வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

யூரிடிசியிடம் யாரும் கேட்பதில்லை என்பது எழுதியவர்கள் தெரிந்தே செய்தது என்பதற்கு முடிவையே சாட்சியாகச் சொல்வேன். ஓர்ஃபியுஸ் திரும்பிப் பார்க்காமல், நாலு பேர் சொன்னபடி நல்ல பிள்ளையாக நடந்து போகிறார். ஜூப்பிட்டர் அவருடைய முதுகுக்குப் பின்னால் இடியை வீசுகிறார், அதிர்ச்சியில் அவர் திரும்பிவிடுகிறார், யூரிடிசி போய்விடுகிறாள். கணவனுக்கு மகிழ்ச்சி. புளூட்டோவும் அவளை வைத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் ஜூப்பிட்டர் அவளை மதுக்கடவுளின் பூசாரிணியாக்கிவிடுகிறார். அவளும் அதில் மகிழ்கிறாள். கோபத்தில் நிற்பது ‘பொதுமக்கள் கருத்து’ மட்டும்தான். அவளை யாரும் கேட்கவில்லை, ஆனால் தோற்றவர்கள் நாலு பேர்.

கேலியில் ஆபத்தே இல்லை என்றதற்கு ஒன்று சொல்ல வேண்டும். 1859 தொடக்கத்தில் ழூல் ழானன் என்ற பெரிய விமர்சகர், புனிதமான பழமையை இந்த நாடகம் அசிங்கப்படுத்திவிட்டது என்று கொதித்து எழுதினார். கிரெமியூ பதில் எழுதினார்: நீங்கள் சகிக்க முடியாதது என்று சொன்ன வசனம் உங்களுடைய கட்டுரையிலிருந்தே எடுத்தது, ஐயா. அதன்பிறகு கூட்டம் இன்னும் அதிகமாகி, நாடகம் தொடர்ச்சியாக 228 காட்சிகள் ஓடியது.

பின்வரிசை:

இந்தக் கடைசிப் பத்தியை எதற்காக எழுதினீர்கள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நாலு பேர் பாடும் இரண்டாவது பாட்டில் ‘கலை என்ற பெயரில் நம் பிள்ளைகளை எங்கே கொண்டு நிறுத்தப்போகிறோம் என்பதைப் பெரியவர்கள் சிந்திக்க வேண்டிய நேரம் இது’ என்ற வரி வருகிறதே, அது ஜூலை மாதம் நான் ஊர்க் குழுவில் உங்கள் ஒத்திகையைப் பற்றிப் போட்ட செய்தி. எழுத்துக்கு எழுத்து.

சுருதிப்பெட்டி:

ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கோட்டாற்றுக்காரி:

அண்ணாச்சி, அந்த வரியைப் பாடுகிறவள் நான்தான். எனக்கு அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது. கோபம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடச் சொல்கிறேன். ஆனால் பாடுவதற்கு இவ்வளவு சுகமான வரி அந்தப் பாட்டில் வேறு இல்லை.

பின்வரிசை:

மாற்ற வேண்டாம். காற்புள்ளியை மட்டும் திருப்பிப் போடுங்கள். அது இல்லாமல் மூச்சு வாங்க இடமில்லை.

ஆனால் என் முதல் இரண்டு கேள்விகளை நான் விடப்போவதில்லை. உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்ததில் அளவு தவறியிருக்கிறது. தேவர்கள் தினமும் அமிர்தம் குடித்துச் சலித்துக் கலகம் செய்யும் காட்சியில், ‘அடைப்பிரதமன் வேண்டாம், மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வேண்டும்’ என்று பாடவைத்தீர்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த நொடியே ஜூப்பிட்டர் வேட்டிகட்டிய நம் ஊர்ப் பெரியவர் ஆகிவிட்டார். வேளிமலை ஐயா சொன்ன அந்த அந்நியத் திரை அங்கே கிழிந்துவிடவில்லையா? திரை வேண்டுமென்றால் முழுவதும் திரை இருக்க வேண்டும்.

வேளிமலை:

இதில் பின்வரிசையோடு பாதி உடன்படுகிறேன். உணவு இருக்கட்டும், உணவால் யாருக்கும் மனம் புண்படாது. ஆனால் கலகப் பாட்டின் நடுவில் ஒரு தேவர் உள்ளூர் அரசியல் கோஷத்தை எழுப்பியதை எடுத்துவிடலாம். அது நாடகத்துக்குள்ளிருந்து வரவில்லை, தெருவிலிருந்து வந்தது.

மாறாக, ஜான் ஸ்டிக்ஸ் பாத்திரத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்த விதம் மிகச் சரி. புளூட்டோவின் வேலைக்காரன், ஒருகாலத்தில் கிரேக்க நாட்டுப் பகுதியான பியோஷியாவின் அரசனாக இருந்தவன், குடித்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறவன். ‘பண்டு நான் பியோஷியாவில் ராசாவா இருந்தப்போ’ என்று அவர் தொடங்கினாரே, அந்தப் ‘பண்டு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மண்டபம் சிரித்தது. பண்டு என்று தொடங்கும் மாமாவோ பாட்டாவோ இல்லாத வீடு நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அவர் தள்ளாடவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. துடைத்த குவளையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு பாடினார். மூன்றாவது சரணத்தில் சிரிப்பு நின்று, மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றிரவு நடந்ததில் எனக்குப் பிடித்த இடம் அது.

தேன்பெட்டி:

எனக்குப் பிடித்தது ஈ. ஜூப்பிட்டர் ஈயாக மாறி யூரிடிசியோடு பாடும் அந்தப் பாட்டில் அவருக்குச் சொல்லே கிடையாது, ரீங்காரம் மட்டும்தான் என்று சொன்னார்கள். பிரெஞ்சில் அது என்ன ஒலியோ, நம்மவர் மூக்கால் ‘ஙொய்ங்’ என்று இழுத்தது அசல் ஈ. இறக்கைகளை எதில் செய்தீர்கள்? ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் சடசட என்றது.

சுருதிப்பெட்டி:

பழைய எக்ஸ்ரே படங்களில். ஒரு இறக்கையில் யாருடைய விலா எலும்போ விளக்கு வெளிச்சத்தில் தெரிந்ததாகச் சிலர் சொன்னார்கள். பாதாளக் காட்சி என்பதால் அப்படியே விட்டுவிட்டோம்.

கடைசிக் குதிரைப்பாய்ச்சல் நடனத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று கேட்கத் துணிகிறேன். உலகம் முழுவதும் கான்கான் என்று தெரிந்துவைத்திருக்கும் அந்த மெட்டுக்குப் பாவாடையைத் தூக்கி ஆடும் ஆட்டத்தை நாங்கள் வைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் களியல் என்ற நம் பக்கத்துக் கம்பாட்டத்தின் ஆசான் ஒருவரை அழைத்துக் கம்பு அடிக்கவைத்தோம். இரண்டெண்ணிக்கைத் தாளம் இரண்டுக்கும் பொருந்தியது. வேகம்தான் சிக்கல். கீபோர்டு வாசித்த தம்பி முதல் ஒத்திகைகளில் அதை மெதுவாக வாசித்தான். சேன்-சான்ஸ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1886இல் இதே மெட்டை வேண்டுமென்றே இழுத்து ஆமைகளுக்கு இசையாக்கியதை அவனுக்குப் போட்டுக் காட்டியபின் வெட்கப்பட்டு வேகமெடுத்தான். நிகழ்ச்சியன்று ஆசானே பின்தங்கும் அளவுக்கு வேகமெடுத்துவிட்டான்.

கோட்டாற்றுக்காரி:

அந்த வேகத்தில் என் காலில் ஒரு கம்பு விழுந்தது. நான் அப்போது மேடை ஓரத்தில் கோபமாக நிற்க வேண்டியவள் என்பதால் முகம் சரியாகவே இருந்தது.

வேளிமலை:

களியலைத் தொடங்கும்போது மெதுவாகத் தொடங்கி, ஆசான் கையிலேயே வேகத்தை விடுங்கள். அந்த ஆட்டத்தின் இலக்கணமே அப்படித்தான். கீபோர்டு அவரைப் பின்தொடரட்டும்.

நாகர்கோவிலில் சபை வேறு மாதிரி இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அங்கே வருகிறவர்களில் மேற்கத்திய இசை தெரிந்தவர்கள் அதிகம். வழக்கமாக வானொலியில் கேட்கும் முன்னிசை எங்கே என்று யாராவது கேட்பார்கள். அது 1860இல் வியன்னா நிகழ்ச்சிக்காகக் கார்ல் பிண்டர் தொகுத்தது, 1858 மூலத்தில் இல்லாதது என்று நிகழ்ச்சிநிரலில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சுருதிப்பெட்டி:

போட்டுவிடுகிறோம், ஐயா. இசைத்தாளும் பழைய பதிப்பு என்பதால் உரிமைத்தொகை ஒன்றும் இல்லை. புதிய ஆய்வுப் பதிப்பை எடுத்திருந்தால் மண்டப வாடகைக்கே பணம் மிஞ்சியிருக்காது.

தேன்பெட்டி:

சரி, என் பங்குக்கு ஒரு புகைப்பானும் தேனீ இல்லாத பழைய பெட்டி ஒன்றும் தருகிறேன். உங்கள் கப்பல்காரரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்புங்கள். மூடியைத் திறப்பது, புகையை எந்தப் பக்கம் விடுவது, அடையை எப்படித் தூக்கிப் பார்ப்பது எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் சொல்லித்தந்துவிடுவேன். மேடையில் புகைக்காகத் தேங்காய்க் கதம்பல் கொளுத்த வேண்டாம். நாலு பேருக்கும் இருமல் வந்துவிடும்.

சுருதிப்பெட்டி:

வியாழக்கிழமை மாலை நானே ஆட்டோ பிடித்து வந்து எடுத்துக்கொள்கிறேன். ஈயாக நடிப்பவரும் உடன் வருகிறார். சிறுவயதில் தேனீக்கொட்டு வாங்கியவராம். பெட்டி உண்மையிலேயே காலியா என்று இதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டார்.